ஐந்து வேளை வாட்ச்

எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. பஸ் நிறுத்தத்தில் நின்றால், பஸ் வருகிற திசையில் கொஞ்சம் நடந்து எட்டிப் பார்த்துவிட்டு வருவேன். நான் எட்டிப் பார்த்தால் அது சீக்கிரம் வந்துவிடும் என்று நினைப்பு. சாயா சொல்லிவிட்டு அது மேஜைக்கு வருவதற்குள் இரண்டு முறை வெளியே போய்விடுவேன். மட்டாஞ்சேரியில் ஒரு மிளகு குடோனில் மூட்டைகளுக்கு எடை பார்க்கிற வேலை எனக்கு. தராசு முள் ஆடி ஓய்கிற வரைக்கும் சும்மா நிற்க வேண்டுமே, அந்தக் கொஞ்ச நேரம்தான் அந்த வேலையில் எனக்குப் பிடிக்காதது. இப்படிப்பட்டவனுடைய மனைவிக்கு, மணி பார்த்து மாத்திரை விழுங்க வேண்டிய ஒரு நோய் வந்தது. எண்பதுகளின் நடுவில் அது. அப்போதுதான் நான் முதல் தடவையாக நியாயமான காரணத்துக்குப் பரபரத்தேன்.

அவள் சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். பேச்சுக்காரி. கல்யாணமாகி வந்த புதிதிலேயே எங்கள் லைன் வீடுகளில் யார் வீட்டில் இன்றைக்கு என்ன கறி, யாருக்கும் யாருக்கும் பேச்சு வார்த்தை இல்லை என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. மலையாளம் தெரியாமலே எப்படித் தெரிந்துகொண்டாள் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. நானோ கொச்சியிலேயே பிறந்து வளர்ந்தவன். படித்தது மலையாளப் பள்ளி. வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம் என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம், அவள் அதைத் தமிழ் என்று ஒத்துக்கொள்ளவே இல்லை.

"நீங்க பேசுதது தமிழும் இல்ல, மலையாளமும் இல்ல. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுப் பெசஞ்சு வச்சிருக்கிய" என்பாள்.

நான் "மதி" என்று கை காட்டினால் "போதும்" என்று சொல்லும்வரை சோறு வைத்துக்கொண்டே இருப்பாள். எங்கள் வீட்டில் மாத்திரைக்குக் குளிகை என்றுதான் பெயர், மலையாளத்தில் சொல்வதுபோல. அதையும் அவள் விடவில்லை. நான் குளிகை என்றால் அவள் மாத்திரை என்பாள். இன்றைக்கு இவ்வளவு தூரம் நான் தமிழில் எழுதுகிறேன் என்றால் அது அந்த நச்சரிப்பு தாங்காமல் வந்ததுதான்.

நோய் முதலில் கண்ணிமையில் வந்தது. சாயங்காலமானால் இடது இமை பாதி மூடிக்கொள்ளும். தூக்கம் போதவில்லை என்று நினைத்தோம். அடுத்தது பேச்சு. காலையில் கணீரென்று ஆரம்பிக்கிறவள் பொழுது சாய்ந்ததும் மூக்கால் பேசினாள். பக்கத்து வீட்டுச் சேச்சிக்குக் கொஞ்சம் மூக்குப் பேச்சு உண்டு. தன்னைக் கேலி செய்கிறாள் என்று அந்தம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். பிறகு ஒருநாள் சோறு தொண்டையில் நின்றது. குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வந்தது.

எர்ணாகுளத்தில் ஒரு நரம்பு டாக்டரிடம் போனோம். நரம்பு சொல்வதைத் தசை சரியாக வாங்கிக்கொள்ளாத நோய் என்றார். ஒரு மாத்திரை போட்டால் நாலு மணி நேரம் தசை சொன்ன பேச்சைக் கேட்கும், பிறகு கேட்காது. தொண்டை தளர்ந்துவிட்டால் மாத்திரையையே விழுங்க முடியாது. மிஞ்சிப் போனால் மூச்சு விடுகிற தசைக்கும் அந்தத் தளர்ச்சி வரும். அதனால் தளர்வதற்கு முன்னாலேயே அடுத்த மாத்திரை உள்ளே போயிருக்க வேண்டும். காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு, மாலை ஆறு, இரவு பத்து. ஒரு வேளை தவறிவிட்டால் அதை விட்டுவிட வேண்டும். அடுத்ததோடு சேர்த்துப் போட்டால் அது வேறு ஆபத்து. ஆயுள் முழுக்க இப்படித்தான். இவ்வளவையும் என்னிடம் சொல்லிவிட்டு அவளைப் பார்த்து மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, மலையாளத்தில் ஒரு வரி சொன்னார்.

"குளிகயுடெ நேரம் சூக்ஷிக்கணம், கேட்டோ?"

அவள் பெரிதாகத் தலையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன்.

ஆரம்பத்தில் ஊர் எழுப்பும் சத்தங்களை வைத்துத்தான் சமாளித்தோம். ஆறு மணிக்கு எண்ணெய் மில்லில் சங்கு ஊதும். பத்து மணிக்குப் பள்ளிக்கூட மணி. இரண்டு மணிக்கு யார் வீட்டிலாவது ரேடியோவில் செய்தி. இதில் எதையும் நம்ப முடியவில்லை. பந்த் என்றால் சங்கு ஊதாது, மழை என்றால் பள்ளிக்கூடம் இல்லை, கரண்ட் போனால் ரேடியோ இல்லை. எங்கள் ஊரில் இந்த மூன்றுக்கும் பஞ்சமே கிடையாது. வீட்டில் ஒரு அலாரம் டைம்பீஸ் இருந்தது. அதை ஒவ்வொரு வேளைக்கும் தனித்தனியாகத் திருகி வைக்க வேண்டும். அப்படியே வைத்தாலும் அவள் வீட்டில் நிற்கிற ஆளா? ரேஷன் கடையில் இருப்பாள். நாலு வீடு தள்ளி ஒரு குழந்தை அழுதால் அங்கே இருப்பாள். காலி வீட்டில் டைம்பீஸ் கத்திக் கத்தி ஓய்ந்துவிடும்.

ஆகவே நான் ஓடினேன். பத்து மணிக்கு ஒரு தடவை, இரண்டு மணிக்கு ஒரு தடவை, குடோனிலிருந்து வீட்டுக்கு. மூட்டை தராசில் இருக்கும், நான் தெருமுனையில் இருப்பேன். மேஸ்திரி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் எல்லார் முன்னாலும் கத்தினார்.

"எடா, நீ ஒரு எடத்து நில்லு. உன் பெண்டாட்டியெ ஆரும் கொண்டு போகில்ல!"

கொண்டுபோவது யார் என்பது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. தராசுக்குத் திரும்பினேன்.

அந்தச் சமயத்தில் வளைகுடாவிலிருந்து லீவில் வந்த ஒரு லாரி டிரைவர் குடோனுக்கு வந்தார். பேசிக்கொண்டிருக்கும்போது அவர் கையில் கட்டியிருந்த கறுப்பு வாட்ச் பீப் பீப் என்று கத்தியது. பொத்தானைத் தட்டி நிறுத்தினார். முள் இல்லாமல் எண்கள் ஓடுகிற வாட்சை நான் பார்த்திருக்கிறேன், அது கத்தும் என்பது எனக்குப் புதிது. டைம்பீஸை வீட்டில் விட்டுவிட்டுப் போகிறவள் கையை விட்டுவிட்டுப் போக முடியாதே என்று தோன்றியது. அன்று சாயங்காலமே படகுத்துறைக்குப் போய் எர்ணாகுளம் போட் பிடித்தேன்.

அங்கே பிராட்வே கடைத்தெருவில் ஏறாத கடை இல்லை. எந்தக் கடையிலும் நான் கேட்டதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் காட்டினார்கள். பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிகிற வாட்ச், கணக்குப் போடுகிற வாட்ச், தண்ணீரில் போட்டாலும் ஓடுகிற வாட்ச். ஒருவர் கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றி அதில் போட்டே காட்டினார்.

"எனக்கு அஞ்சு தடவை அடிக்கணும் சேட்டா" என்றேன்.

எல்லாவற்றிலும் ஒரு அலாரம்தான் என்றார் அவர். ஒரு மனிதன் ஒரு நாளில் எத்தனை தடவைதான் தூங்கி எழுந்திருப்பான் என்று பக்கத்தில் நின்ற ஆளிடம் கேட்டுச் சிரித்தார். இன்னொரு கடையில், மணிக்கு ஒரு தடவை தானாகவே அடிக்கிற வாட்சை என் தலையில் கட்டப் பார்த்தார்கள். மணிக்கு மணி அடித்தால் எது மாத்திரை மணி என்று எப்படித் தெரியும்? அதை நான் உரக்கவே கேட்டேன். உரக்கக் கேட்டதால் அங்கிருந்து சீக்கிரம் வெளியே வர வேண்டியிருந்தது.

கடைசியில் விஷயம் எங்கள் தெருவுக்குப் பக்கத்திலேயே இருந்தது. மட்டாஞ்சேரியில் வெளிநாட்டுச் சாமான் விற்கிற ஒரு சின்னக் கடை, வயதான ஒரு முஸ்லிம் பெரியவர் நடத்தினார், எல்லாருக்கும் அவர் இக்கா. சென்ட், டார்ச் லைட், டேப் ரிக்கார்டர் எல்லாம் அடுக்கியிருக்கும். ஐந்து தடவை என்றதும் அவர் மட்டும்தான் சிரிக்கவில்லை.

"அஞ்சு நேரமோ? நிஸ்காரத்தினாணோ?" என்றார்.

தொழுகைக்கா என்று கேட்கிறார். "இல்ல இக்கா, பெண்டாட்டிக்குக் குளிகை குடுக்கணும்" என்றேன்.

ஐந்து வேளைத் தொழுகைக்காக ஐந்து அலாரம் வைத்த வாட்ச் வளைகுடாவில் உண்டாம். அங்கிருந்து வருகிறவர்கள் அப்பாவுக்கு, மாமனாருக்கு என்று வாங்கி வருவார்களாம். அவருடைய தங்கை மகன் வரப்போகிறான், இரண்டு மூன்று மாதிரி கொண்டுவரச் சொல்கிறேன் என்றார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அதற்குப் பிறகு காலையும் மாலையும் அந்தக் கடை வழியாகத்தான் போனேன். நான் தெருவில் திரும்பும்போதே, கேட்பதற்கு முன்னாலேயே, இக்கா உள்ளேயிருந்து குரல் கொடுப்பார்: "வந்நிட்டில்ல மோனே, வந்நிட்டில்ல." இன்னும் வரவில்லையாம்.

வாட்ச் வந்த அன்றைக்கு அவளைக் காலையிலேயே இழுத்துக்கொண்டு போகப் பார்த்தேன். அவள் வரவில்லை.

"சாயங்காலம் போவம். காலையில எல்லாம் பளிச்சுன்னுதான் தெரியும். கண்ணு சொருகுத நேரத்துல நம்பர் தெரியுதான்னுல்லா பாக்கணும்" என்றாள்.

இந்த யோசனை எனக்கு வரவே வராது. சாயங்காலம் ஐந்தரைக்கு, அடுத்த மாத்திரைக்கு முந்திய நேரத்தில், இமை சரியத் தொடங்கியபோது போனோம். இக்கா மூன்று வாட்சுகளைத் துணி விரித்து வைத்தார். முதலாவது பெண்களுக்கானது, தங்க நிறம், வளையல் மாதிரி அழகாக இருந்தது. அதை அவள் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, எண்கள் எறும்பு மாதிரி ஊர்கின்றன, அதுவும் இரண்டிரண்டாகத் தெரிகின்றன என்று வைத்துவிட்டாள். இரண்டாவது பீப் போடாமல் ஒரு முழுப் பாட்டின் மெட்டை வாசித்தது. கடைக்கு வந்திருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

"வேண்டாம். நான் பாட்டக் கேட்டுக்கிட்டு ஒக்காந்திருவேன்" என்றாள்.

மூன்றாவது ஆண்கள் கட்டுகிற வாட்ச். பெரிய முகம், எஃகுப் பட்டை, அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எண்கள் தடியாக இருந்தன. அவள் ஒவ்வொரு பொத்தானையும் அழுத்திப் பார்த்தாள். மாலையில் அவள் விரலுக்கும் பலம் குறையும். மற்ற இரண்டிலும் பொத்தான் நகத்தால் குத்தினால்தான் உள்ளே போயிற்று, இதில் விரல் வைத்தாலே போயிற்று. அதோடும் விடவில்லை. அதை அடிக்க வைக்கச் சொல்லி, கையில் மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி, மூட்டை இறக்குகிற ஒரு லாரிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். லாரிக்காரன் ஹாரன் அடித்தான். வாட்ச் அடித்தது. கேட்டது என்று கையைத் தூக்கிக் காட்டினாள். நான் கடைக்கும் தெருவுக்கும் நடையாய் நடந்தேன். சரி எடு, போகலாம், நேரமாச்சு என்று எத்தனை தடவை சொன்னேனோ.

"என்னத்துக்குக் கெடந்து துள்ளுதிய? கட்டிக்கிட்டு அலையப் போறது நானு" என்றாள்.

இக்கா பட்டையிலிருந்து கண்ணிகளைக் கழற்றிச் சின்னதாக்கினார். அப்படியும் அது அவள் கண்ணாடி வளையல்களோடு முழங்கை வரைக்கும் போய்ப் போய் வந்தது. அலாரம் வைப்பதற்குள் எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. மாலை ஆறு என்று நினைத்துக் காலை ஆறிலேயே இரண்டு அலாரத்தை வைத்துவிட்டேன். இக்காதான் மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஓரத்தில் பொடி எழுத்தாக வருகிற ஒரு எழுத்தைக் காட்டி, அது காலைக்கு, இது மாலைக்கு என்று சொல்லித் தந்தார். அன்று ஆறு மணிக்கு அது முறையாக அடித்தபோது நாங்கள் மூன்று பேரும் கடையிலேயே நின்றிருந்தோம். இக்கா உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். அவள் மாத்திரை போட்டுக்கொண்டாள்.

சில நாட்களில் அது எங்கள் லைனுக்கே மணியாகிவிட்டது. பத்தடித்ததும் சேச்சி அரிசி களைவார். இரண்டடித்தால் எதிர்வீட்டில் குழந்தையைத் தூங்கப் போடுவார்கள். நான் ஓடுவதை நிறுத்தினேன். மேஸ்திரி என் தோளில் தட்டினார். மனசு சற்றே ஓய்ந்தது என்று சொல்லலாம்.

ஆனால் அவள் உடம்பு ஓயவில்லை. சில நாள் நன்றாக இருப்பாள், இரவுவரை கணீரென்று பேசுவாள். சில நாள் துவண்டுபோவாள். திங்கட்கிழமை சாயங்காலம் நான் வரும்போது தலையைக் கையால் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வியாழக்கிழமை மத்தியானம் அவளால் சோறு மெல்ல முடியாது. சனிக்கிழமை காலை பேச்சே குழறும். திங்கள், வியாழன், சனி. நான் என்னென்னவோ கணக்குப் போட்டேன். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பதாலா? வியாழக்கிழமை வாங்குகிற மீனாலா? வாட்ச் சில நாள் ஏமாற்றுகிறதோ என்று அதைக் கழற்றிக்கொண்டு போய் இக்காவிடம் சண்டை போட்டேன். அவர் ரேடியோ மணியோடு வைத்துப் பார்த்தார். நொடிகூடப் பிசகவில்லை.

பழையபடி ஓட ஆரம்பித்தேன். ஒரு வியாழக்கிழமை பத்து மணிக்கு நான் வாசலில் நுழையவும் வாட்ச் அடிக்கவும் சரியாக இருந்தது. அவள் மீன் அலசிக்கொண்டிருந்தாள். ஈரக் கையோடு பொத்தானைத் தட்டி நிறுத்தினாள்.

"என்னாச்சு?" என்றேன் மூச்சு வாங்கிக்கொண்டு.

"ஒண்ணுமில்ல, குளிகை நேரம். எனக்குத் தெரியாதா? நீங்க வேலையப் பாருங்க" என்றாள்.

குளிகை! மாத்திரை என்று என்னைத் திருத்திக்கொண்டே இருந்தவள் கடைசியில் எங்கள் சொல்லுக்கு வந்துவிட்டாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். கை கழுவிவிட்டு இப்போது போட்டுக்கொள்வாள் என்ற நம்பிக்கையோடு குடோனுக்குத் திரும்பினேன். அதற்குப் பிறகு சாயங்காலம் வந்ததும் "குளிகை நேரமெல்லாம் பாத்துக்கிட்டியா?" என்று கேட்பேன். "பாக்காம என்ன? அதுலதான் குறியா இருக்கேன்" என்பாள். எனக்கு அதற்குமேல் என்ன வேண்டும்?

ஒரு சனிக்கிழமை வந்தது. விடியற்காலையில் குழாய்த் தண்ணீர் பிடிப்பது என் வேலை. வரிசையில் நின்று குடங்களோடு திரும்பி, குளித்து, இருவரும் சாப்பிட உட்கார்ந்தோம். இட்லி அவள் தொண்டையில் நின்றுவிட்டது. கண் பிதுங்கியது. மூச்சு உள்ளே போகும்போது ஒரு விசில் சத்தம் கேட்டது. நான் முதுகில் தட்டினேன், கத்தினேன், சேச்சி ஓடிவந்து அவளைக் குனியவைத்து விரலை விட்டு எடுத்தார். அதற்குப் பிறகும் வெகு நேரம் அவள் என் சட்டையைப் பிடித்த பிடியை விடவில்லை. பத்து மணி மாத்திரையைப் பொடித்துக் கரைத்துச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தோம். இவள் என்னை விட்டுப் போய்விடுவாள் என்று அன்றைக்கு நான் நிச்சயமாக நினைத்தேன். வாட்ச் சரி, அவளும் சரியாகத்தான் இருக்கிறாள், அப்படியானால் மருந்துதான் இனிமேல் கேட்காது என்று ஆகிறதே?

டாக்டரைத் திங்கட்கிழமைதான் பார்க்க முடியும். நடுவில் இருந்த அந்த ஞாயிற்றுக்கிழமையை எப்படிக் கழித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. திங்கட்கிழமை முற்பகலில் போய் உட்கார்ந்தோம். அவள் பெஞ்சில் இருந்தாள், நான் வராந்தாவில் நடந்துகொண்டிருந்தேன். உள்ளே கூப்பிட்டதும் நடந்ததெல்லாம் கொட்டினேன். டாக்டர் முகம் இறுகிவிட்டது. நேரம் தவறாமல் சாப்பிட்டும் இப்படியென்றால் மருந்தைக் கூட்ட வேண்டும், அதிலும் ஆபத்து உண்டு, கூடிப்போனாலும் மூச்சுத் தசை தளரும் என்றார். அதற்கும் கேட்காவிட்டால் தூரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன். சீட்டை எடுத்து எழுதத் தொடங்கினார். எழுதிக்கொண்டே, கேட்க வேண்டுமே என்பதுபோல, அவளிடம் கேட்டார்.

"குளிக நேரத்தினு தன்னெ கழிக்குந்நுண்டல்லோ?"

மாத்திரையை நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்கள் அல்லவா என்று கேள்வி. அவள் பதறிப்போய் நிமிர்ந்தாள்.

"ஐயோ, இல்ல டாக்டர்! குளிகை நேரத்துல ஒண்ணு கூடத் தொட்டதில்ல. நீங்க அன்னைக்குச் சொன்னதுலேர்ந்து."

டாக்டரின் பேனா நின்றது. "ஞான் பறஞ்ஞோ?" என்றார்.

"நீங்கதான சொன்னிய, குளிகை நேரம் சூக்ஷிக்கணம்னு" என்றவள், கைப்பையைத் திறந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். உள்ளே மாத்திரைகள். "மிச்சம் இவ்வளவு இருக்கு. வேற யாருக்காச்சும் இல்லாதவங்களுக்குக் குடுத்திருங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் அவளைப் பார்த்தேன்.

"குளிகைன்னா என்ன?" என்றேன்.

"என்ன கேக்குதிய? ராகுகாலம், எமகண்டம், குளிகை. காலண்டர்ல தெனம் போட்டிருக்கும்லா? குளிகையில ஒரு காரியம் செஞ்சா அது திரும்பத் திரும்ப நடக்கும். அதுல மருந்து சாப்பிட்டா நோயி விடுமா?"

அவள் அப்பா ஊரிலிருந்து வருஷா வருஷம் அனுப்புகிற தினசரிக் காலண்டர் அடுக்களைக் கதவில் தொங்கியது. அதில் நான் தேதிகூடப் பார்த்ததில்லை. திங்கட்கிழமை குளிகை மத்தியானம் ஒன்றரையிலிருந்து மூன்று. வியாழக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை. சனிக்கிழமை விடிந்ததும் ஆறிலிருந்து ஏழரை. அவள் விரல் விட்டுச் சொல்லிக்கொண்டே போக, என் எண்ணெய்க் குளியலும் மீனும் ஒவ்வொன்றாகக் குற்றத்திலிருந்து விடுதலையாயின. ராகுகாலத்தில் மட்டும் சாப்பிடலாமா என்று கேட்டேன். அது புதிதாகத் தொடங்குகிற காரியத்துக்கு, இதுதான் ஏற்கெனவே தொடங்கியாயிற்றே என்றாள். குளிகை முடிந்த பிறகாவது போட்டிருக்கலாமே என்றால், தவறினால் விட்டுவிட வேண்டும் என்று டாக்டர்தான் சொன்னாராம். அதையும் அவள் மீறவில்லை. சூக்ஷிக்கணம் என்றால் கவனமாகப் பார்த்துக்கொள் என்றும் பொருள், ஜாக்கிரதை என்றும் பொருள். அவளுக்கு அந்தச் சொல்லை முதலில் சொல்லித் தந்தவன் நான்தான். புதுப்பெண்ணாக வந்தபோது பெரிய வீட்டுக் கேட்டுகளில் தொங்குகிற பலகையை வாசித்துக் காட்டியிருந்தேன்: பட்டியுண்டு, சூக்ஷிக்குக. நாய் இருக்கிறது, ஜாக்கிரதை. நாய்க்குப் பயந்ததுபோல அவள் குளிகைக்குப் பயந்திருக்கிறாள்.

டாக்டர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். அவ்வளவு கோபம், யார்மேல் என்றுதான் தெரியவில்லை. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் தினமும் சாயங்காலம் ஒருவருக்கொருவர் நல்லபடியாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம். அவள் செத்திருப்பாள்.

டாக்டர் எழுதிய சீட்டைக் கிழித்துப் போட்டார். பழைய அளவே போதும் என்றார். பிறகு மிகவும் கவனமாக, தமிழில் சொல்ல முயன்றார்: "மாத்திரை. எல்லா நேரமும் மாத்திரை கழிக்கணும்."

"முழுங்கணும்னு சொல்றார், முழுங்கணும்!" என்று நான் கத்தினேன். இன்னொரு சொல்லை நம்பி விட எனக்குத் தெம்பில்லை.

திரும்பும் போட்டில் கூட்டம் குறைவு. அவள் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். நான் முன்னும் பின்னும் நடந்தேன், ஒவ்வொரு நடைக்கும் ஒரு கேள்வி கேட்டேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? உனக்காகக் காலண்டர் மூச்சு விடுமா? பத்து மணி மாத்திரையின் வேகம் தீர்கிற நேரம், இமை தணிந்துவிட்டது. கடைசியில் மூக்குப் பேச்சில் சொன்னாள்.

"டாக்டர் சொன்னத நான் தப்பா எடுத்தேன், சரி. ஆனா அவர் சொல்லாட்டாலும் குளிகையில முழுங்கியிருக்க மாட்டேன்."

"ஏன்?"

"ஆயுசுக்கும்னு அவர் சொன்னாரு. நீங்க ஒத்துக்கிட்டிய, நான் ஒத்துக்கிடல. குளிகையில படாமப் பாத்துப் பாத்துச் சாப்பிட்டு வந்தா ஒருநாள் நின்னுரும், இந்த வாட்சக் கழட்டிரலாம்னு நெனச்சேன்."

என் கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. எனக்கு அழுகை வந்தது. போட் எஞ்சின் சத்தத்தில் அது யாருக்கும் கேட்டிருக்காது. அவள் அழவில்லை, தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது அவள் கையில் வாட்ச் அடித்தது. மணி இரண்டு, திங்கட்கிழமை.

"குளிகை நேரம்" என்றேன்.

"எந்தக் குளிகை?" என்றாள்.

"ரெண்டும்தான்."

அவள் சிரித்தாள். அந்த நேரத்தில் அவள் உதடு மேலே ஏறாது, கண்ணில் மட்டும்தான் சிரிப்புத் தெரியும். பையிலிருந்து மாத்திரையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் பார்த்தாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து பிடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் நின்றேன். வாயில் போட்டாள். முதல் மடக்குத் தண்ணீர் மூக்கில் ஏறி இருமினாள். இரண்டாவது மடக்கில் மாத்திரை இறங்கியது.

மட்டாஞ்சேரியில் இறங்கியும் நாங்கள் வீட்டுக்குப் போகவில்லை. படகுத்துறையில் ஒரு நிழலில் இருந்தோம். கொஞ்சம் கொஞ்சமாக அவள் இமை ஏறியது. குரல் மூக்கிலிருந்து தொண்டைக்கு வந்ததும் முதல் காரியமாகப் பேசினாள்.

"குளிகையில முழுங்கியாச்சு. இனிமே திரும்பத் திரும்ப முழுங்க வேண்டியதுதான்."

"ஆமா" என்றேன்.

"நீங்க பக்கத்துல நின்னு தண்ணி தந்ததும் குளிகையிலதான். அதும் சேத்துத்தான் திரும்பத் திரும்ப நடக்கும், பாத்துக்கிடுங்க."

அவள் சொன்னபடியே நடந்தது. இன்று காலை ஆறு மணிக்கும் தண்ணீர் கொடுத்தது நான்தான்.